மருந்து காயாத ஞாயிறு

கெலமங்கலத்தில் சாந்தக்காவைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சபைக்குப் போகிறவர்கள், விசுவாசத்தில் பின்வாங்கிப்போன பொம்பளை என்பார்கள். போகாதவர்கள், பத்துப் பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்பார்கள். இரண்டு தரப்பு வாயையும் என்னால் அடைக்க முடியாது. ஆனால் அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓட்டியவன் நான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

என் பெயர் கோபி. ரோஜாத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன் என்னுடையது. எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய அக்கறை கிடையாது. ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பூசணிக்காய் உடைப்பதோடு சரி. அதனால் இவன் ஒரு மதத்துக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

சாந்தக்கா பிறந்தது நாட்றாம்பாளையத்துப் பக்கம். ராகியும் அவரையும் போட்டு, யானைக்குப் பயந்து கண்விழித்த குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்தார். மகள் பிரியதர்ஷினி கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷன்காரன் பெங்களூருக்கு வேலைக்கென்று போய், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அக்கா அடுப்புப் பற்றவைக்காமல் கிடந்த நாட்களில் பக்கத்துத் தெரு சிஸ்டர் ஒருத்தி தினமும் வந்து சோறாக்கிப் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் போனாளாம். இயேசு என்றோ ஜெபம் என்றோ ஒரு வார்த்தை பேசவில்லையாம். கடைசியில் அக்காதான், "உங்க சபை எங்க இருக்குது?" என்று கேட்டாராம். அன்றைக்குப் போனவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. காய்ச்சலென்றாலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்துகொள்வார்.

மகளையும் அப்படியே வளர்த்தார். பிரியதர்ஷினி முழங்காலில் நின்று ஜெபித்து வளர்ந்த பிள்ளை. அம்மாவோடு அவளும் பூப் பறிக்க வருவாள். அவள் பாடினால் வேனுக்குள் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நானே எஃப்எம்மை அணைத்துவிடுவேன்.

தோட்டத்தில் சாந்தக்கா பூப் பறிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. அங்கே பூ வளர்வது பாலிதீன் போர்த்திய பெரிய கூடாரங்களில். பாலி ஹவுஸ் என்போம். மேலே கூரை, நாலு பக்கமும் திரை, உள்ளே வரிசை வரிசையாக ரோஜா. பூச்சி மருந்து அடித்தால் அது போக இடமில்லாமல் உள்ளேயே நிற்கும். அதனால் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். மருந்து அடித்த பாலி ஹவுஸ் கதவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். மறுநாள் சாயங்காலம் அவரே வந்து இலையைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் துணியை அவிழ்ப்பார். அதற்கு முன்னால் ஒரு பெண்ணும் உள்ளே போகக் கூடாது. ஒரு தடவை மேனேஜர் முனிராஜ் அவசரப்படுத்தியபோது, எல்லாப் பெண்களையும் தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்துகொண்டார். கழிவறைக்குக் கதவு வாங்கிக் கொடுத்ததும் அவர் வாய்தான். ஒருத்தி தலையில் ஒரு ரோஜாவை வைத்துக்கொண்டு வெளியே வந்தால், அதைப் பிடுங்கி வாளியில் திரும்பப் போட்டதும் அவர் கைதான். இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிற ஆள் என்பதால் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு பயம், ஒரு நம்பிக்கை.

சபையும் அங்கேயே ஒட்டி இருந்தது. தோட்டத்து முதலாளி பெங்களூர்க்காரர். வேலிக்கு வெளியே ரோட்டோரம் கிடந்த அவருடைய ஷீட் போட்ட ஷெட்டை, அக்கா கேட்டதற்காக ஆராதனைக்கு விட்டிருந்தார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. வாய் வார்த்தைதான்.

காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். வெளிநாட்டுக்குப் போகிற பூ மொட்டாகவே பெட்டிக்குள் போக வேண்டும். ஒரு பொழுது விட்டால் விரிந்துவிடும். அந்த வருஷம் முனிராஜ் பெண்களைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டார். இனி ஞாயிற்றுக்கிழமையும் வேலை, லீவு கேட்டு யாரும் வரக் கூடாது. நான் பக்கத்தில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

"காலைல ஆராதனைக்கு மட்டும் வுடுங்க சார். முடிச்சிட்டு நேரா வந்துடறம்" என்றார் சாந்தக்கா.

"ஆகல்லம்மா" என்றார் முனிராஜ். கோபமோ சந்தோஷமோ வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார். முடியாது என்கிறார். "மருந்து வேற அடிக்கணும். அதுக்கு ஒரு நாளு போச்சு. நீங்க சர்ச்சுக்குப் போனா அதுல அரை நாளு. பூவு உங்களுக்காக மொட்டாவே நிக்குமா?"

அக்கா பாலி ஹவுஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நாங்க ஆராதனையில இருக்கற நேரத்துல மருந்து அடிச்சுக்குங்க. மத்தியானம் வந்து நாங்க பூ வெட்டிடறம்" என்றார்.

அது முனிராஜ் மண்டைக்கே தோன்றாத யோசனை. "ஆய்த்து" என்று சிரித்தார். "ரெண்டு வேலையும் முடிஞ்சுது."

பெண்கள் போன பிறகு அக்காவிடம் போய், "அக்கா, அப்ப செவப்புத் துணி?" என்று கேட்டேன்.

"கர்த்தருக்காகக் கேட்டு வாங்குன நேரம் கோபி. அவரு கைவுட்டுடுவாரா?" என்றார். குரலில் பழைய உறுதி இல்லை. அவருக்கே கேட்டிருக்கும், அதனால் வேகமாக நடந்துவிட்டார். என்னத்தைச் சொல்ல? தன் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்ற, தானே கட்டிய காவலைத் தானே அவிழ்த்துக் கொடுத்தார். சபைக்கு வராத பெண்கள் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு. நான் ரோட்டோரம் வேனில் உட்கார்ந்திருந்தேன். ஷெட்டுக்குள்ளிருந்து பாட்டு. வேலிக்கு அந்தப் பக்கம் மருந்து அடிக்கிற மோட்டார் சத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. பாட்டு முடிந்து ஜெபத்துக்காக எல்லோரும் அமைதியான பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் பெண்கள் வெள்ளைப் புடவையை மாற்றிவிட்டு, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பாலி ஹவுஸ் கதவடிக்கு வந்தார்கள். கதவைத் திறந்ததும் ஒரு சூடு, பூண்டு அழுகின மாதிரி ஒரு வாடை. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கதவுச் சட்டத்தில் கைவைத்து ஜெபித்தார். ஜெபிக்கத் தெரியாத பெண்களும் தலையைக் குனிந்து நின்றார்கள். அவர்களுக்கு அக்காதான் நம்பிக்கை. பிறகு எல்லோரும் ஈரத்துக்குள் போனார்கள்.

அதில் ஒருத்தி சுவாதி. மத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண். மாமியார் நாகம்மா முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கிற ஆள். சுவாதி சபைக்கு வருகிறவளும் இல்லை. கை வேகம் என்பதால் காற்றே போகாத உள்வரிசை அவளுக்கு. சாயங்காலம் வேனில் ஏறும்போது, "கண்ணெல்லாம் எரியுது கோபிண்ணா" என்றாள். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். இன்னும் சில பெண்களுக்குத் தலைவலி. மறுநாள் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள்.

அதுதான் வினையாகப் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை என்றதும் அது கர்த்தருடைய பாதுகாப்பு என்றாகிவிட்டது. அடுத்த ஆராதனையில் பிரியதர்ஷினி எழுந்து, மருந்துக்குள் போயும் ஒரு சேதமும் வராமல் காத்தார் என்று சொல்ல, எல்லோரும் கைதட்டியது ரோடுவரை கேட்டது. எனக்குக் கெட்ட கோபம். இறங்கிப் போய் ஷெட்டுத் தகரத்தைத் தட்டலாமா என்றுகூட நினைத்தேன். தட்டி என்ன சொல்வது? அந்தப் பக்கம் மோட்டார் முதல் வாரத்தைவிட அதிக நேரம் ஓடியது. செடியில் இலைப்பேன் அதிகமாகிவிட்டதென்று மருந்தைக் கூட்டிக் கலந்திருந்தார்கள். காற்று வேகமாக இருந்ததால் பாலி ஹவுஸின் பக்கவாட்டுத் திரைகளையும் இறக்கி வைத்திருந்தார்கள்.

அன்று பூ வெட்டப் போய்க் கொஞ்ச நேரத்தில் சுவாதி வெளியே வந்தாள். கால் பின்னியது. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தவள் அப்படியே சரிந்தாள். அக்கா ஓடிவந்து அவள் தலையில் கைவைத்தார். சபைப் பெண்கள் சுற்றி நின்று சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு கத்து கத்தினேன்.

"ஜெபத்த வண்டில பண்ணலாம். மொதல்ல தூக்குங்க."

அக்காதான் முதலில் தூக்கினார். ஓசூர் வரும்வரை அந்தப் பெண்ணின் தலை அவர் மடியில். அவள் கண்மணி கடுகளவு சுருங்கிப்போயிருந்ததை வண்டியில் ஏற்றும்போதே பார்த்தேன். லாரிகளுக்கு நடுவே எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த உடனே, "பூச்சி மருந்து. எவ்ளோ குடிச்சா?" என்று கேட்டார். இந்தப் பக்கம் அப்படி வருகிறவர்கள் எல்லோரும் குடித்துவிட்டுத்தான் வருவார்கள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே காரில் வந்த முனிராஜ் முந்திக்கொண்டார்.

"வீட்டுல மாமியாரோட சண்டை போல சார். புதுசா கல்யாணம் ஆன புள்ள. வேலைக்கு வந்த எடத்துல இப்புடிப் பண்ணிட்டா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த ஆள் வாயில். உள்ளே அவளுக்கு ஊசி போட்டு, மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவ ஏற்பாடு நடந்தது. ஒருத்தர் போலீசுக்குச் சொல்லப் போனார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நாகம்மா வந்துவிடுவார். மருமகளைச் சாகத் தூண்டிய மாமியார் என்று அவரைத்தான் பிடித்து உட்காரவைப்பார்கள்.

பாஸ்டரும் வந்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கண் கலங்கித்தான் இருந்தது. சாந்தக்காவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இது பேசற நேரமில்ல. ஜெபிக்கிற நேரம். ஷெட்டு அவங்க எடம். நாளைக்கே பூட்டிட்டாங்கன்னா இத்தினி குடும்பம் எங்க போயி ஆராதிக்கும்? தேவன் அந்தப் பொண்ண எழுப்புவாரு."

அந்த ஷெட்டையும் மகளையும் தவிர அக்காவுக்குச் சொத்தும் இல்லை, சொந்தமும் இல்லை. அது எனக்குத் தெரியும், பாஸ்டருக்கும் தெரியும்.

"நாகம்மாவ ஜெயில்ல வெச்சிட்டு நான் எந்த மூஞ்சியோட முழங்கால் போடுவேன் பாஸ்டரய்யா?" என்றார்.

நேராக டாக்டரிடம் போனார். "அவ ஒண்ணுமே குடிக்கல சார். மருந்து அடிச்ச ஈரத்துக்குள்ள பூ வெட்டுனா. உள்ள அனுப்புனவ நாந்தான்" என்றார். மருந்தின் பெயரையும் சொன்னார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். உடனே நர்ஸைக் கூப்பிட்டு, அவள் உடம்பில் கிடந்த துணியையெல்லாம் கழற்றச் சொன்னார். தலைமுடி முதல் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த விஷம் சட்டையிலிருந்து தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. குடித்தாள் என்ற பொய் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அந்தச் சட்டையோடே அவளைக் கொன்றிருப்பார்கள்.

சுவாதி பிழைத்தாள். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் மேலே கொட்டுகிறது. போகப்போகச் சரியாகும் என்றார் டாக்டர்.

நாகம்மாவிடம் நடந்ததை அக்காவே சொன்னார், வார்டு வாசலில் வைத்து, ஒன்றையும் மறைக்காமல். நாகம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"உங்க சாமிக்கு ஒரு பொழுது வேணும்னு சண்ட போட்டு வாங்கியிருக்கற" என்றார். "மருந்து காயறதுக்கு ஒரு பொழுது வேணும்னு கேக்க ஒனக்கு வாயி வரல."

மனுஷன் காலில் விழ மாட்டோம் என்கிற கூட்டம் அந்தச் சபை. சாந்தக்கா விழுந்தார். நாகம்மா காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தோட்டத்துக்குப் போலீஸ் வந்தது, முனிராஜோடு பேசியது, காபி குடித்தது, போனது. ஷெட்டை முனிராஜ் பூட்டவில்லை. அவர் கணக்கே வேறு. அறுவடையில் ஆள் தேவை. ஆராதனை நடக்கலாம், ஷெட்டும் இருக்கலாம், ஆனால் மத்தியானம் பெண்கள் வந்து பூ வெட்டியாக வேண்டும், ஒருத்தி குறைந்தாலும் ஷெட்டுக்குப் பூட்டு என்று சொல்லி அனுப்பினார். மேஸ்திரி வேலையைச் சாந்தக்காவிடமிருந்து பிடுங்கி, பிரியதர்ஷினிக்குக் கொடுத்தார். நல்ல பாம்பு அவர்.

நடுவாரத்து ஜெபக் கூட்டத்தில் அக்கா உட்கார்ந்த பாயில் வேறு யாரும் உட்காரவில்லையாம். அவிசுவாசத்தால் சபையை ஆபத்தில் தள்ளினவள் என்று பேச்சு. அதையெல்லாம் அக்கா தாங்கிக்கொண்டார். மகளைத்தான் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர்களை வீட்டு முன்னால் இறக்கிவிட்டபோது என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

"நாளைக்கு உள்ள போகாத கண்ணு. வயித்துல பெத்தவ கேக்கறேன்."

"சுவாதிக்கு ஜெபமில்லம்மா. எங்களுக்கு இருக்குது" என்றாள் பிரியதர்ஷினி. திமிராகச் சொல்லவில்லை. அம்மாவைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்.

மூன்றாவது ஞாயிறு ஷெட்டு முன்னால் எல்லோரும் இறங்கினார்கள். சாந்தக்கா இறங்கவில்லை. "என்னைத் தோட்டத்துல வுடு கோபி" என்றார். துவைத்து மடித்த வெள்ளைப் புடவை, கையில் பைபிள், எல்லாம் ஆராதனைக்குப் போகிற கோலம்தான். பாலி ஹவுஸ் கதவுக்கு எதிரே போய் நின்றார். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மகள் பாடுவது கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் இல்லாமல் நடந்த முதல் ஆராதனை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

மத்தியானம் பெண்கள் வந்தார்கள். அக்கா பைபிளைக் கீழே ஒரு பெட்டிமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்தார்.

"ஈரம் காயற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது. ஷெட்ட பூட்டுனா பூட்டட்டும். மரத்தடியில உக்காந்து ஆராதிக்கலாம். நான் செஞ்சது பாவம். அத நீங்களும் செய்யாதீங்க."

பெண்கள் நின்றார்கள். இரண்டு மூன்று பேர் கையிலிருந்த கத்தரியைக் கீழே இறக்கினதை நான் பார்த்தேன். தூரத்தில் முனிராஜ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்திலேயே வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லோரும் திரும்பியிருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிரியதர்ஷினி முன்னால் வந்தாள். "கையெடும்மா" என்றாள்.

"மாட்டேன்."

"ஒன்னால சபை இல்லாமப் போகக் கூடாதும்மா." அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே குனிந்து, அம்மாவின் கைக்குக் கீழே நுழைந்து, ஈரத்துக்குள் போனாள். மேஸ்திரி போனதும் மற்றவர்கள் ஒவ்வொருத்தராக அதே மாதிரி குனிந்து போனார்கள். யாரும் அக்காவைத் தள்ளவில்லை. தள்ள வேண்டிய அவசியமே இல்லை. கடைசிப் பெண் போன பிறகும் அக்கா கையை விரித்தபடியே நின்றார். உள்ளேயிருந்து மகள் பாட ஆரம்பித்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அக்கா கையை இறக்கினார். முந்தானையை இழுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவு திறந்தே இருந்ததால் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"உள்வரிசைய எனக்கு வுடு கண்ணு. நீ கதவோரமா வெட்டு. ரெண்டு பேரா வெட்டுனா சீக்கிரம் வெளிய போயிடலாம்."

நான் வண்டியைத் திருப்பி, ஓசூர் ரோட்டைப் பார்த்த மாதிரி நிறுத்தினேன். பின்கதவைத் திறந்து வைத்தேன். இஞ்சினை அணைக்கவில்லை.